முற்றத்துக்குக் கல் பாவுமுன்: தோட்டப்புற நகர வீடுகளுக்கு ஏற்ற தரைப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

டைல்ஸ் கடைக்குள் எந்தக் கல்லும் அழகாகத்தான் இருக்கும்; அங்கே மழை பெய்வதில்லை. அதே கல்லை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடொன்றின் முற்றத்தில் பதித்து, பிற்பகல் மழை ஒரு மாத காலம் அதன்மேல் அடித்து ஓய்ந்த பிறகு பார்த்தால்தான் அதன் உண்மையான குணம் தெரியவரும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் போர்ச்சுக்குக் கண்ணாடிபோல் மின்னும் போர்சலின் டைல்ஸைத் தேர்ந்தெடுத்தோம். வேலையெடுத்த குத்தகையாளரும் இப்போது எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்று சொல்லி ஊக்கப்படுத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, இரவு மழையின் ஈரம் காயாத அந்தத் தரையில் கோலம் போடச் சென்ற என் தாயார் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் சொரசொரப்பான சிமெண்டு வாசலில் நாற்பது ஆண்டுகள் நடந்து ஒருமுறையும் விழாதவர் அவர். டைல்ஸின் மீது குற்றம் இல்லை. அது வீட்டுக் கூடத்துக்காகச் செய்யப்பட்ட பொருள். தேர்ந்தெடுத்த முறையில்தான் குற்றம் இருந்தது.

நாங்கள் நிறத்திலிருந்து தொடங்கினோம். தொடங்க வேண்டியது தண்ணீரிலிருந்து, அடுத்து மண், அதற்கடுத்து அந்த இடத்தின்மேல் ஏறப்போகும் சுமை, கல்லின் வகையும் நிறமும் இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும். எல்பில், ஹேவுட் போன்ற தோட்டங்களிலிருந்து நகரத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தவர்களும், இன்னும் தோட்டத்து வீடுகளிலேயே இருப்பவர்களும் தங்கள் வீட்டு நிலைமைக்கேற்பப் பொருத்திப் பார்த்துக்கொள்ளும் வகையில் அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் எங்கே போகும்?

நம் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதுவும் சிறு தூறலாகப் பரவிப் பெய்யாமல், பெரும்பாலும் பிற்பகலில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 20 அடி நீளமும் 18 அடி அகலமும் உள்ள, கூரையில்லாத ஒரு முற்றத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 360 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 33 சதுர மீட்டர். அதன்மேல் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,600 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர் சேரும். இந்தத் தண்ணீர் ஒன்று கல்லிடுக்கு வழியாக மண்ணுக்குள் இறங்க வேண்டும், அல்லது வாட்டத்தில், அதாவது தரையின் சரிவில், ஓடி லோங்காங் என்னும் வடிகாலைச் சேர வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாத முற்றத்தில் அது வீட்டுச் சுவரோரம் தேங்கி நிற்கும்.

வாட்டம் என்பது கொத்தனார் கண்ணளவில் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் அன்று. வழவழப்பில்லாத தரைக்கு 60 அடிக்கு 1 அடி என்ற விகிதமும், நீர் எளிதில் வழியும் டைல்ஸ் தரைக்கு 80 அடிக்கு 1 அடி என்ற விகிதமும் பொதுவாகப் போதுமானவை. நம் 20 அடி முற்றத்தில் இது வீட்டு வாசலிலிருந்து கேட் வரை முறையே 4 அங்குலமும் 3 அங்குலமும் தாழ்வதாக அமையும். வேலை தொடங்குமுன், உள்ளே தண்ணீர் நிரப்பிய, கண்ணாடிபோல் தெளிந்த வளையும் குழாயைக் கொண்டு இரு முனைகளின் மட்டத்தையும் குறித்து, நூல் கட்டிக் காட்டும்படி கேளுங்கள். நூல் கட்டத் தயங்கும் ஆளிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இங்கே இன்னோர் அளவையும் மறக்கக் கூடாது. முடிந்த தரையின் மேல்மட்டம் வீட்டுக் கூடத்தின் தரையைவிட 6 அங்குலமாவது தாழ்வாக இருக்க வேண்டும். பழைய சிமெண்டுத் தரையின்மேல் ஒரு முறை டைல்ஸ், பத்தாண்டு கழித்து அதன்மேலேயே இன்னொரு முறை டைல்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போகும் வீடுகளில் முற்றம் மெல்ல உயர்ந்து, ஒருநாள் பெருமழையில் தண்ணீர் கூடத்துக்குள் நுழைவதை இவ்வூரில் பலர் பார்த்திருக்கிறோம். கேட்டின் அடிப்பகுதி தரையில் உராயத் தொடங்குவது அதற்கு முந்தைய எச்சரிக்கை.

தேங்கும் நீர் பாசியை மட்டும் வளர்ப்பதில்லை. ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த, அசையாத சிறிதளவு நீர் போதும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான காலம் ஆகும். டைல்ஸ் ஒன்று உள்வாங்கி ஏற்பட்ட குழியானாலும், அது நாள்தோறும் பெய்யும் மழையில் காயாமலே இருந்தால் அதற்கு இடம் கொடுக்கும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வீட்டுக்காரர் அபராதம் கட்ட நேரிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடியில் இருக்கும் மண்

தெலுக் இந்தானில் 1885-ஆம் ஆண்டு கட்டப்பட்ட கோபுரம் சாய்ந்து நிற்பதைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். அங்கே அடிமண் மென்மையானது. நம் வீட்டு முற்றம் சாய்ந்தால் பார்க்க யாரும் வரப்போவதில்லை, செலவு மட்டும் நம்முடையது. ஆகவே கல் வாங்குவதற்கு முன் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தின் மூன்று நான்கு இடங்களில் ஓரடி ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள்.

குழியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கவனியுங்கள். சரளை கலந்த செம்மண்ணாக இருந்தால் நீர் சில மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அத்தகைய மண் இறுக்கினால் நன்றாக இறுகும், கல் பாவ ஏற்றது. மறுநாள் காலையிலும் குழியில் நீர் நின்றால் அது களிமண். நீரை மண்ணுக்குள் இறக்கும் முறைகள் அங்கே பயன்படா, வாட்டமும் வடிகாலுமே கதி. தோண்டும்போது கறுத்த, இலேசான, நார் நாராகப் பிரியும் மண்ணோ, அழுகிய மரக்கட்டையின் வாடையோ வந்தால் சற்று நிதானிக்க வேண்டும். நம் தாமான்களில் பல, ரப்பரோ செம்பனையோ நின்ற நிலத்தில் எழுந்தவை. நிலத்தைச் சமப்படுத்தும்போது அடிக்கட்டைகளை முழுவதும் அகற்றாமல் மேலே மண்ணைத் தள்ளி மூடிய இடங்களில், அக்கட்டைகள் ஆண்டுக்கணக்கில் மக்கி அடியில் பொந்து விழும். வீட்டுக்கு அடித்தளம் உண்டு, அதனால் வீடு நிற்கும். முற்றத்துக்கு அது இல்லை, அதனால் முற்றம் இறங்கும். இப்படிப்பட்ட மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நல்ல மண்ணின்மேல் கல்லுடைப்பு ஆலையிலிருந்து வரும் கிரஷர் ரன் என்னும், தூளும் சல்லியும் கலந்த கல்லைப் பரப்ப வேண்டும். ஆட்கள் நடக்கும் பாதைக்கு 4 அங்குலம், கார் நிற்கும் இடத்துக்கு 6 அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதை ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் தட்டுவது பயனற்றது. மூன்று அங்குலத்துக்கு ஓர் அடுக்காகப் பரப்பி, இலேசாக நீர் தெளித்து, அதிர்வு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். அந்தக் காலத்தில் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார்கள். சிறிய பாதைக்கு இன்றும் அது போதும். இறுக்கிய தரையில் குதிகாலை ஊன்றி முழு எடையையும் கொடுத்துத் திருகிப் பாருங்கள்: தடம் விழுந்தால் இன்னும் இறுக்க வேண்டும் என்று பொருள். மொத்தச் செலவில் பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கல்லின் தரத்தில் கைவைத்தாலும் வைக்கலாம், இந்த அடுக்கில் கைவைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

எந்தப் பொருள் எந்த இடத்துக்கு?

கார் ஏறும் முற்றத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இன்டர்லாக் கல்லைத்தான். கான்கிரீட்டை அச்சிலிட்டு அழுத்திச் செய்யும் இந்தக் கற்களை மணற்படுகையின்மேல் சாந்து இல்லாமலே அடுக்குகிறார்கள். நடைபாதைக்கும் சாதாரணக் காருக்கும் 60 மில்லிமீட்டர் கனம் போதும். லோரி ஏறி இறங்கும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் வேண்டும். மண் சிறிது இறங்கினாலும் இது விரிசல் விடுவதில்லை. இறங்கிய பகுதியின் கற்களைப் பெயர்த்து, மணலை நிரவி, அதே கற்களைத் திரும்பப் பதித்துவிடலாம். தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் அப்படித்தான். தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. வீடு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கும் நிலையில், ஒருநாள் காலி செய்ய வேண்டி வந்தால் இந்தக் கற்களை எடுத்து ஏற்றிக்கொண்டு புது வீட்டில் பதித்துக்கொள்ளலாம். சிமெண்டில் ஒட்டிய டைல்ஸை அப்படி எடுத்துச் செல்ல முடியாது.

ஆனால் இன்டர்லாக் வேலை கெடுவதற்கும் குறிப்பிட்ட காரணங்கள் இருக்கின்றன, அவற்றை வேலை நடக்கும்போதே கண்காணிக்க வேண்டும். முதலாவது ஓரக்கல். சுற்றிலும் கான்கிரீட்டில் ஊன்றிய ஓரக்கல் இல்லாவிட்டால், கார்ச் சக்கரம் திரும்பும் ஒவ்வொரு முறையும் கற்கள் வெளிப்புறமாக நகர்ந்து, இடைவெளி விரிந்து, சில மாதங்களில் தரை கலைந்துவிடும். இரண்டாவது, அடியில் போடும் மணல். கழுவிய, பருமணலை ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான கனத்தில் ஒரே சீராகப் பரப்ப வேண்டும். அடித்தரையின் மேடுபள்ளத்தை மணலைக் கொண்டு சரிக்கட்டினால், மணல் தடித்த இடமெல்லாம் பின்னர் குழியாகும். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற மணல் இங்கே தாராளமாகக் கிடைப்பது நமக்கு ஒரு வசதி. மூன்றாவது, அடுக்கும் அமைப்பு. செங்கல் சுவர்போல் நேர்வரிசையாக அடுக்கியது நடைபாதைக்குப் போதும். கார் ஏறும் இடத்தில் மீன்முள்போல் ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கினால்தான் சக்கரத்தின் உந்துதலைக் கற்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். நான்காவது, இடுக்கு மணல். 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான இடுக்குகளில் உலர்ந்த நுண்மணலைப் பெருக்கி நிரப்பி, இயந்திரத்தால் அதிர வைத்து, மீண்டும் நிரப்ப வேண்டும். கற்களைப் பிடித்து நிறுத்துவது இந்த மணல்தான். மழை பெய்யும் நாளில் ஈர மணலைக் கொட்டி வேலையை முடித்துக்கொள்ள அனுமதிக்காதீர்கள். ஈர மணல் மேலேயே அடைத்துக்கொண்டு உள்ளே இறங்காது.

புதிய இன்டர்லாக் கல்லின்மேல் சில வாரங்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்ததுபோல் படிவது கண்டு பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு, ஈரத்தோடு மேலே வந்து காற்றோடு சேர்ந்து படிவதுதான் அது. கல்லின் உறுதிக்கு அதனால் குறைவில்லை, மழையில் மெல்ல மறைந்துவிடும்.

ஊற்றிய கான்கிரீட்டுத் தரை இதற்கு அடுத்த நிலையில் வருகிறது. அழகு குறைவுதான், ஆயினும் மோட்டார்சைக்கிளின் தாங்கி இறங்காத, களை முளைக்காத, கழுவ எளிதான தரை இது. ஆள் நடமாட்டத்துக்கு 4 அங்குலக் கனம் போதும். கார் நிற்குமிடத்தில் 5 அங்குலம் போட்டால் பல ஆண்டுகள் நிம்மதி. பி.ஆர்.சி. கம்பிவலையை மண்மேல் விரித்து அப்படியே கான்கிரீட்டை ஊற்றினால் வலை அடியில் புதைந்து கிடக்குமே தவிர, விரிசலைத் தடுக்காது. அடியில் சிறு கான்கிரீட்டுக் கட்டைகளை வைத்து உயர்த்த வேண்டும். எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு வெட்டுக்கோடு, கனத்தில் கால்பங்கு ஆழத்துக்குப் போட வேண்டும்; கான்கிரீட் எப்படியும் விரியும், எங்கே விரிய வேண்டும் என்பதை நாம் முடிவு செய்துவிட்டால் அது கோட்டுக்குள் அடங்கிவிடும். ஊற்றிய பின் ஏழு நாள் கோணிச்சாக்கு விரித்து நனைத்துவர வேண்டும். மேற்பரப்பைக் கரண்டியால் மழமழவென்று தேய்த்து முடிக்க விடாதீர்கள். சற்று இறுகியதும் விறைப்பான துடைப்பத்தை வாட்டத்துக்குக் குறுக்கே ஒருமுறை இழுத்தால் உண்டாகும் கோடுகள் காலுக்குப் பிடிப்பைக் கொடுக்கும். அச்சுப் பதித்து வண்ணம் தூவும் கான்கிரீட் பார்வைக்குக் கல்லைப்போல் இருந்தாலும், அதன்மேல் பூசும் பளபளப்பான சீலர் மழையில் வழுக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் பூசவும் வேண்டும்.

டைல்ஸ் போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் தெரிந்திருப்பது அவசியம். பெட்டியின்மேல் ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு குறி அச்சிடப்பட்டிருக்கும். எண்ணெய் பூசிய சாய்தளத்தில் பாதுகாப்புக் காலணி அணிந்த ஒருவர் எந்தக் கோணம் வரை வழுக்காமல் நடக்க முடிகிறது என்பதைச் சோதித்து இந்தக் குறியைக் கொடுக்கிறார்கள். ஆர்11 என்றால் 19 முதல் 27 பாகை வரை தாங்கும் பிடிப்பு என்று பொருள். மழை நேரடியாக விழும் இடத்துக்கு ஆர்11-க்குக் குறையாமலும், கூரைக்கு அடியில் சாரல் மட்டும் படும் இடத்துக்கு ஆர்10-க்குக் குறையாமலும் கேட்டு வாங்குங்கள். குறியே இல்லாத டைல்ஸ் என்றால், ஒன்றை வாங்கி வந்து நனைத்து, சோப்பு நீர் தெளித்து, வீட்டில் எல்லாரும் போடும் ரப்பர்ச் சிலிப்பரை அணிந்து மேலே நின்று பார்த்துவிடுங்கள். எங்களுக்கு அன்று இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் போதுமாயிருந்தது. வெளிப்புறத்துக்கு நீரை 0.5 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாத போர்சலின் வகையே ஏற்றது. சுவருக்குச் செய்த டைல்ஸைத் தரையில் பதிக்கவே கூடாது. பதிக்கும்போது நான்கு மூலையிலும் நடுவிலும் சாந்து உருண்டை வைத்து அமுக்குகிறார்களா, அடி முழுவதும் பசையைச் சீவிப் பூசுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உருண்டை வைத்த டைல்ஸின் அடியில் வெற்றிடம் இருக்கும். கார்ச் சக்கரம் அந்த வெற்றிடத்தின்மேல் ஏறும் நாளில் உடைந்துவிடும். நாணயத்தால் தட்டிக் கேட்டால் பொள்ளென்ற ஓசை வெற்றிடத்தைக் காட்டிக் கொடுக்கும். வெயிலில் டைல்ஸ் விரிவதால், பத்தடிக்கு ஒருமுறை சிமெண்டுக்குப் பதில் நெகிழும் பசை நிரப்பிய இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லையேல் நடுப்பகல் வெயிலில் டைல்ஸ் கூரைபோல் எழும்பி நிற்கும்.

கருங்கல்லும் பளிங்கும் நம் வட்டாரத்துக்கே உரியவை. தித்திவாங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. அது உருகிய பாறையாக எழுந்தபோது தந்த வெப்பத்தால் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் பளிங்காயிற்று. ஈப்போப் பளிங்கு இவ்வளவு அருகில் கிடைப்பதால் அதை வாசலுக்கே போட்டுவிடலாம் என்று ஆசை வருவது இயல்புதான். ஆனால் பளிங்கு சுண்ணாம்பின் இனம், புளிப்புக்கு அஞ்சும் கல். புதுக் கார் வாங்கிச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம். அந்தச் சாறு பளிங்கின் மெருகைத் தின்று, தேய்த்தாலும் போகாத மங்கிய வடுவை விட்டுவிடும். பாசியைப் போக்க அமிலம் ஊற்றினாலும் அதே கதிதான். கருங்கல்லுக்கு இந்த அச்சம் இல்லை. வெளித்தரைக்கு மெருகேற்றிய கருங்கல்லை வாங்காமல், தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய வகையை வாங்க வேண்டும். விலை அதிகம் என்பதால் முற்றம் முழுவதும் போட முடியாதவர்கள், படிக்கட்டுக்கும் வாசல் நிலைக்கு முன்னால் உள்ள இரண்டடிக்கும் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் ஆள் வழுக்குவது அங்கேதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறு கூழாங்கற்களைச் சிமெண்டில் பதித்துக் கழுவி எடுக்கும் தரை நல்ல பிடிப்பு உடையது, ஆனால் வெறுங்காலுக்கு உறுத்தும், இடுக்குகளில் பாசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவர் கட்டும் செங்கல் தரைக்கு ஆகாது; தரைக்கென்றே நன்றாகச் சுட்ட களிமண் கல் நிறம் மங்காது, ஆயினும் நிழலில் பச்சை படியும். சரளைக்கல் மலிவானது, கூரைத் தண்ணீர் விழும் ஓரத்துக்கும், கறிவேப்பிலை, முருங்கை நிற்கும் பக்கவாட்டுக்கும் மிகப் பொருத்தம். அடியில் துணிவிரிப்புப் போட்டு, கல் லோங்காங்கில் உருண்டு விழாதபடி ஓரம் கட்டினால் போதும். நடுவில் புல் வளரும் துளைக் கல்லை விரும்புகிறவர்கள், நாள் முழுவதும் கார் நிற்கும் இடத்தில் வெயில் படாமல் புல் கருகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மரப்பலகைத் தரைக்கு ரப்பர் மரத்தை யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மேசை நாற்காலிக்கு அது நல்ல மரம்தான், ஆனால் மழையிலும் மண்ணிலும் பூஞ்சையும் பூச்சியும் அதை விரைவில் அழித்துவிடும். வெளியில் நிற்கக்கூடியது செங்கால் போன்ற வலிய மரமே.

நம் புழக்கத்துக்கு ஒத்துவருமா?

கல்லின் குணத்தைப் பார்த்தாயிற்று. அதன்மேல் வாழப்போகிறவர்களின் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். விலைப்பட்டியலில் இது எழுதப்பட்டிருக்காது.

கோல மாவு வழவழப்பான டைல்ஸில் ஒட்டாது, சிறு காற்றுக்கே பறந்துவிடும். வெளிர் நிறத் தரையில் வெள்ளைக் கோலம் தெரியவும் தெரியாது. வாசற்படிக்கு முன் நான்குக்கு நான்கு அடிச் சதுரமாகக் கருஞ்சாம்பல் நிற, சொரசொரப்பான கல்லைத் தனியாகப் பதித்து வைத்தால் அது கோலத்துக்கென்றே அமைந்துவிடும். பொங்கலன்று முற்றத்தில் அடுப்பு மூட்டும் வீடுகளில், டைல்ஸின்மேல் நேராகச் செங்கல்லை வைத்து எரித்தால் வெப்பத்தில் டைல்ஸ் வெடிக்கும். ஓர் ஓரத்தில் மண்ணாகவோ சரளையாகவோ ஒரு சிறு இடத்தை விட்டுவையுங்கள். கார்த்திகை அகல்விளக்கின் எண்ணெயும் மஞ்சள் குங்குமமும் சீலர் பூசாத கான்கிரீட்டிலும் மணற்கல்லிலும் கறையாகத் தங்கும். திருமணமோ காதணி விழாவோ வந்தால் முற்றத்தில் கூடாரம் அடிக்க வேண்டியிருக்கும். அதன் கால்களைக் கட்ட ஓரக்கல்லில் நான்கு இரும்பு வளையங்களை இப்போதே புதைத்துவிட்டால், பிறகு டைல்ஸைத் துளைக்க வேண்டியதில்லை.

நிறத்தைப் பற்றி ஒன்று. தோட்ட வேலைக்குப் போய்வருகிறவர்கள் உள்ள வீட்டில் செம்மண் தினமும் பூட்சிலும் மோட்டார்சைக்கிள் சக்கரத்திலும் வந்து சேரும். வெள்ளைத் தரையில் அந்தக் கறையைப் போக்க முடியாது. கறுப்புத் தரையோ நண்பகலில் வெறுங்கால் வைக்க விடாது. மணல் நிறம், இளஞ்சாம்பல், செங்காவி ஆகிய நடுத்தர நிறங்கள் இரண்டு தொல்லையையும் தவிர்க்கும். மாதிரிக் கல் இரண்டை வாங்கி, முற்றத்தில் மழைபடும் இடத்தில் இரண்டு வாரம் போட்டுவைத்துப் பார்த்த பிறகு முழு வரிசையையும் வாங்குவதில் நட்டமில்லை.

அளவும் அனுமதியும்

200-க்கு 100 மில்லிமீட்டர் அளவுள்ள இன்டர்லாக் கல் ஒரு சதுர மீட்டருக்கு 50 தேவைப்படும். நம் 360 சதுர அடி முற்றத்துக்கு ஏறக்குறைய 1,670 கல். வெட்டிலும் உடைசலிலும் போவதற்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1,750 கல்லுக்குச் சற்று மேல் வரும். குறுக்குவாட்டில் பதிப்பதானால் நூற்றுக்குப் பத்து சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்க வேண்டும். அடுத்த மாதம் வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது. கிரஷர் ரன் இறுகும்போது கனம் குறையும் என்பதால், தேவையான கன அளவுடன் கால்பங்கு கூட்டிச் சொல்லுங்கள். குத்தகையாளரிடம் வாங்கும் விலைக் கடிதத்தில் கல்லின் பெயரோடு, அடுக்கு ஒவ்வொன்றின் கனமும் வாட்டத்தின் அளவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒற்றை வரியில் எழுதிய கடிதத்தை வைத்து, மற்றொருவருடைய விலையோடு ஒப்பிட முடியாது.

கேட்டுக்கு வெளியே உள்ள இடம் நம்முடையது அன்று. வீட்டுக்கு முன்னால் ஓடும் லோங்காங்கை மூடிக் கல் பாவுவதற்கு, 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். கேட்டுக்கு உள்ளேயும் கழிவுநீர்த் தொட்டியின் மூடியையும் தண்ணீர் மீட்டர்ப் பெட்டியையும் கல்லுக்கு அடியில் புதைத்துவிடாமல், திறக்கும்படி விட்டுப் பதிக்கச் சொல்லுங்கள்.

பதித்த பிறகு

பாசியைப் போக்க, மழை இல்லாத காலையில் குளோரின் கலந்த வெளுப்பானைத் தண்ணீரில் தளர்த்தி ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, விறைப்பான துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினால் போதும். அமிலத்தோடு அதை ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் வாயு மூச்சை அடைக்கும். உயர் அழுத்தத்தில் நீர் பீய்ச்சும் கருவியை இன்டர்லாக் தரையில் பிடிப்பவர்கள், முனையைச் சாய்த்துப் பிடித்து, முடிந்ததும் இடுக்குகளில் வெளியேறிய மணலுக்குப் பதிலாக உலர்மணலைப் பெருக்கிவிட வேண்டும். ஆண்டிறுதி மழைக்காலம் முடிந்து தரை நன்றாக உலர்ந்த ஒரு நாள் அதற்கு ஏற்றது. மிஞ்சிய கற்களில் ஒரு நாற்பதை வீட்டின் பின்புறம், மழை படும் இடத்திலேயே அடுக்கி வையுங்கள். முற்றத்துக் கற்களோடு சேர்ந்து அவையும் நிறம் மங்கி வருமாதலால், எப்போதாவது மாற்றிப் பதிக்க நேர்ந்தால் ஒட்டுப்போட்டது தெரியாது.